அழிந்த ஒரு வரியும் மறைந்த ஒன்பது பேரும்



மாதந்தோறும் இப்பகுதியில் நம்மவர் வாழ்க்கைக்கு உதவக்கூடிய ஏதேனும் ஒரு விஷயத்தை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கி வருகிறேன். இம்மாதம் எடுத்துக்கொண்டது, கணிப்பொறியில் குடும்ப வரிசையைப் பதிந்து வைக்கும் முறை. “சங்கப் பத்திரிகையில் யந்திரப் பாடம் எதற்கு?” என்று சிலர் எண்ணக்கூடும். என் அறியாமையின் காரணமாக நம் சங்கத்துக் குடும்பமொன்று பொங்கலன்று மனம் நொந்து வீடு திரும்ப நேர்ந்தது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை உள்ளபடி எடுத்துரைத்து, அக்குடும்பத்தாரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது என் கடமை. அதனுடன் ஒரு பாடமும் சேர்ந்து வருமாயின் அது வாசகர்களுக்கு லாபம்.

சென்ற பொங்கல் விழாவில் வழக்கம் போல் நம் குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கப்பட்டன. பெயர்களை வாசித்தவன் நான். ஜாபிதா இம்முறை கணிப்பொறியில் அச்சானது. சங்கத்தின் பழைய குடும்பப் பதிவேடு முழுவதையும் இரவு நேரங்களில் அமர்ந்து நானே கணிப்பொறியில் ஏற்றியிருந்தேன். அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. முன் வரிசையில் ஒரு சிறுவன், ஒவ்வொரு பெயர் வாசிக்கப்படும் போதும் எழுவதற்கு ஆயத்தமாவதும் மீண்டும் அமர்வதுமாக இருந்தான். கடைசிப் பெயர் வரை அவன் பெயர் வரவேயில்லை.

விழா முடிந்ததும் அவன் பாட்டியார் என்னிடம் வந்தார். அவருடைய கணவர் ரயிலில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஐப்பசியில் காலமானவர். அம்மையார் குரலை உயர்த்தவில்லை.

“ஏந் தம்பி, அவரு போயிட்டாரு, சரி. அவரோட சேர்ந்து நாங்களும் போயிட்டோமா?” என்று கேட்டார்.

என்னால் விடை சொல்ல முடியவில்லை. ஜாபிதாவைப் புரட்டினேன். அம்மையார் பெயர் இல்லை. இரு மகன்கள், இரு மருமகள்கள், நான்கு பேரக்குழந்தைகள் ஆகிய ஒருவர் பெயரும் இல்லை. ஆக ஒன்பது பேர். ஆயினும், வீடு சென்று கணிப்பொறியைத் திறந்து பார்த்த போது அந்த ஒன்பது பெயர்களும் உள்ளே பத்திரமாகவே இருந்தன. இருப்பவர்களை ஏன் அது அச்சிடவில்லை?

மூலம் எது?

கணிப்பொறியில் விவரங்களைச் சேமித்து வைக்கும் இடத்தைத் தரவுத்தளம் என்பர். இன்று பெரும்பாலும் வழக்கிலிருப்பது அட்டவணை முறையிலமைந்த தரவுத்தளம். கட்டம் போட்ட நம் காரியாலயத் தாளைப் போன்றதே அது. குறுக்கே செல்வது வரி; நெடுகச் செல்வது கலம். ஓர் ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், பிறந்த தேதி, விலாசம் ஆகியவற்றிற்கு ஒவ்வொரு கலம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கட்டம் போட்ட தாள் தட்டையானது; குடும்பமோ கிளை விட்டுப் படர்வது. தாத்தாவுக்குக் கீழே மகன், மகனுக்குக் கீழே பேரன் என்னும் மேல் கீழ் முறையைத் தட்டையான தாளில் எவ்வாறு எழுதுவது? ஒவ்வொரு வரியிலும் “மேலவர் எண்” என்று ஒரு கலம் கூட்டுவதே இதற்கு எளிய வழி. மகனுடைய வரியில் தந்தையின் எண்ணை எழுதுகிறோம். தந்தையின் வரியில் தாத்தாவின் எண்ணை எழுதுகிறோம். யாவருக்கும் மூத்தவருடைய கலம் வெறுமையாக இருக்கும். நானும் அவ்வாறே செய்தேன். மனைவியரின் வரியில் கணவரின் எண்ணை எழுதினேன்.

ஜாபிதா எடுக்கும் பொழுது கணிப்பொறிக்கு நான் இட்ட கட்டளை இதுதான்: “மேலவர் எண் வெறுமையாக உள்ளோரிடமிருந்து தொடங்கு. அவர்களைச் சார்ந்தவர்களை எடு. பின்பு அவர்களைச் சார்ந்தவர்களை எடு. இவ்வாறே கடைசி வரை இறங்கு.”

பெரியவர் காலமான செய்தி வந்ததும் பதிவேட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் எண்ணத்தில் அவருடைய வரியை அழித்துவிட்டேன். அம்மையாருடைய வரியிலும் மகன்களுடைய வரிகளிலும் அவருடைய எண்ணே மேலவர் எண்ணாக நின்றது. ஆனால் அந்த எண்ணுக்கு உரியவர் அட்டவணையில் இல்லை. மேலிருந்து இறங்கி வந்த கணிப்பொறிக்கு அவ்வீட்டுக்குச் செல்லும் பாதை அறுந்து போயிற்று. நான் அழித்தது ஒரு வரி. மறைந்தவர்கள் ஒன்பது பேர்.

நம் அங்கத்தினர் ஒருவருடைய மகள் பொறியியல் கல்லூரியில் பயில்கிறாள். மறுநாள் அவளை அழைத்துக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் அவள், “என்ன மாமா, ஏணியோட மேல் படியை எடுத்துட்டு, கீழே நிக்கறவங்க எங்கேன்னு தேடறீங்களே!” என்றாள். பத்தாம் வகுப்புடன் படிப்பை முடித்துக்கொண்ட எனக்கு அன்று முதல் அவளே ஆசிரியை ஆனாள். இனி எழுதுவன யாவும் அவளிடமும் அவள் தந்த நூல்களிலும் கற்றவை.

சிறிது வரலாறு

மேல் கீழ் முறையைக் கணிப்பொறியில் எழுதும் பிரச்சினை குடும்பங்களுக்காகத் தோன்றியதன்று. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்போலோ திட்டத்தில், சாட்டர்ன் 5 என்னும் ராக்கெட்டின் எண்ணிறந்த உறுப்புகளைக் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது. அதற்காக 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கியதே ஐ.எம்.எஸ். என்னும் தரவுத்தளம். அதன் அமைப்பே கிளை முறை. பெரிய உறுப்பின் கீழ்ச் சிறிய உறுப்பு, அதன் கீழ் இன்னும் சிறிய உறுப்பு.

நமக்குப் பழக்கமான உதாரணம் சொன்னால், பெரம்பூரில் 1955 ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் தொழிற்சாலையில் கட்டப்படும் ரயில் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். பெட்டிக்கு இரண்டு போகிகள். போகிக்கு இரண்டு அச்சுகள். அச்சுக்கு இரண்டு சக்கரங்கள். ஆகப் பெட்டிக்கு எட்டுச் சக்கரங்கள். மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிப் பெருக்கினால்தான் இந்த எட்டு கிடைக்கும்.

பின்னர் 1970 ஆம் ஆண்டில், அதே ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர் வேறொரு கொள்கையை வெளியிட்டார். விவரம் எந்தப் பாதையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்பவர் அறிய வேண்டியதில்லை. எல்லாம் எளிய அட்டவணைகளாக இருக்கட்டும். எது வேண்டுமோ அதை மட்டும் கேட்டால் போதும் என்பது அதன் சாரம். அக்கொள்கை வென்றது. அவருக்கு 1981 ஆம் ஆண்டில் கணிப்பொறித் துறையின் உயர்ந்த விருதாகிய டூரிங் விருதும் கிடைத்தது. அட்டவணைகளிடம் வினாக் கேட்பதற்கு எஸ்.க்யூ.எல். என்னும் மொழி பிறந்தது. 1986 இல் அமெரிக்காவில் அதற்கு முதன்முதலாகத் தர நிர்ணயம் செய்தனர்.

கிளை முறையை விட்டு அட்டவணைக்கு வந்ததால் எத்தனையோ சௌகரியங்கள் விளைந்தன. ஆயினும் கிளைகளைக் கேட்பது மட்டும் கடினமாயிற்று. “இவருடைய மக்கள் யாவர்?” என்று கேட்பது எளிது. “இவருடைய வழி வந்தோர் அனைவரும் யாவர்?” என்று கேட்டால், எத்தனை தலைமுறை இறங்குவது என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் அறிஞர்கள் பல வழிகளைக் கண்டனர்.

நான்கு வழிகள்

ஒரு சிறு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாத்தா ஒருவர், அவருக்கு மூத்த மகன், இளைய மகன் என இருவர், மூத்தவருக்கு இரண்டு குழந்தைகள், இளையவருக்கு ஒரு குழந்தை. ஆக ஆறு பேர்.

முதல் வழி, நான் மேலே சொன்ன மேலவர் எண் வழி. ஆறு பேருக்கு ஆறு வரிகள், அவ்வளவே. இடம் மாற்றுவது இதில் மிக எளிது. ரயில்வேயில் 2007 நவம்பர் முதல் தேதி சேலம் கோட்டம் தோன்றிய போது, பாலக்காட்டுக் கோட்டத்திலிருந்த கோயம்புத்தூர் சேலத்துக்கு வந்தது. இம்முறையில் எழுதியிருந்தால் கோயம்புத்தூரின் வரியில் பாலக்காட்டின் எண்ணை அடித்துச் சேலத்தின் எண்ணை எழுதினால் போதும். குறை யாதெனில், முழு வம்சத்தையும் கேட்பதற்குப் படிப்படியாக இறங்க வேண்டும். 1999 ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். தர நிர்ணயத்தில் இதற்கெனத் தன்னைத் தானே மீண்டும் அழைக்கும் வினா ஒன்று சேர்க்கப்பட்டது. முதல் சுற்றில் மூத்தவர். அடுத்த சுற்றில் அவருடைய மக்கள். அதற்கடுத்த சுற்றில் மக்களின் மக்கள். ஒரு சுற்றில் ஒருவரும் கிடைக்காத போது வினா தானே நின்றுவிடும். இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தளங்களில் போஸ்ட்கிரெஸ் 2009 ஆம் ஆண்டிலும், எஸ்க்யூலைட் 2014 ஆம் ஆண்டிலும், மைஎஸ்க்யூஎல் 2018 ஆம் ஆண்டிலும் இவ்வசதியைப் பெற்றன.

இரண்டாம் வழி, பாதையையே எழுதி வைப்பது. தாத்தா 1, மூத்தவர் 1.1, அவருடைய குழந்தைகள் 1.1.1, 1.1.2, இளையவர் 1.2, அவருடைய குழந்தை 1.2.1. எண்ணைப் பார்த்தவுடனே இன்னார் வழியில் வந்தவர் என்பது விளங்கும். வாசகசாலைக்குச் செல்வோர் இதை அறிவர். மெல்வில் டூயி 1876 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பகுப்பு முறையில் 954 என்பது இந்திய வரலாறு, 954.8 தென்னிந்தியா, 954.82 தமிழ்நாடு. ஓர் இலக்கத்தைக் கூட்டினால் ஒரு படி கீழே இறங்குகிறோம். ஆனால் ஓர் இலக்கத்தில் பத்துக் கிளைகளுக்கு மேல் இடமில்லை. சீர்காழியில் 1892 ஆம் ஆண்டில் பிறந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ்.ஆர். ரங்கநாதன் வேறு பாதையில் சென்றார். 1933 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே கிளையில் அடைத்துவிடாமல், அதன் பல கூறுகளையும் தனித்தனியே குறித்து இடையில் முக்காற்புள்ளியிட்டு இணைத்தது. ஒரு பொருள் ஒரே கிளையில் அடங்காது என்பதைக் கண்டவர் அவர். இக்கருத்துக்குப் பின்னர் வருவேன்.

பாதை எழுதும் வழியின் குறை இடமாற்றத்தில் தெரியும். மூத்தவரின் பாதை மாறினால் அவர் வழி வந்த அனைவருடைய எண்களையும் திருத்தியாக வேண்டும்.

மூன்றாம் வழி மிகவும் அழகானது. அமெரிக்கராகிய ஜோ செல்கோ என்பவர் தம் எழுத்துக்களால் இதைப் பலரும் அறியச் செய்தார். மரத்தை நாம் ஒரு முறை வலம் வருவதாக எண்ணிக்கொள்ள வேண்டும். ஒருவரிடம் நுழையும் போது ஓர் எண். அவருடைய மக்கள் அனைவரையும் கண்டு அவரிடமிருந்து வெளிவரும் போது ஓர் எண். தாத்தாவிடம் 1 என்று நுழைகிறோம். மூத்தவரிடம் 2. அவருடைய முதற் குழந்தை 3, 4; இரண்டாம் குழந்தை 5, 6. மூத்தவரிடமிருந்து 7 என்று வெளிவருகிறோம். இளையவரிடம் 8, அவருடைய குழந்தை 9, 10, இளையவரிடமிருந்து 11. இறுதியில் தாத்தாவிடமிருந்து 12.

மூத்தவரின் வம்சம் யாது? நுழைவெண் 2 க்கும் 7 க்கும் இடைப்பட்டவர் அனைவரும். படிப்படியாக இறங்கத் தேவையில்லை. ஒரே பார்வையில் கிடைத்துவிடும். தாத்தாவின் சந்ததியார் எத்தனை பேர்? 12 இல் 1 ஐக் கழித்து, மேலும் 1 ஐக் கழித்து, இரண்டால் வகுத்தால் 5. ஆனால் மூத்தவருக்கு மூன்றாவதாக ஒரு குழந்தை பிறந்தால் 7 முதல் 12 வரையுள்ள எண்கள் யாவும் இரண்டிரண்டு கூடும். ஒரு பிறப்புக்காகப் பதிவேட்டின் பிற்பகுதி முழுவதையும் திருத்த வேண்டும். அடிக்கடி மாறாத விவரங்களுக்கே இது பொருந்தும்.

நான்காம் வழி, உறவுகளுக்கெனத் தனி அட்டவணை வைப்பது. இன்னாருக்கு இன்னார் வழி வந்தவர், இத்தனை படி தொலைவு என்று ஒவ்வோர் இணைக்கும் ஒரு வரி எழுதுவது. தமக்குத் தாமே பூஜ்யம் தொலைவு என்பதையும் சேர்த்தால், நம் ஆறு பேருக்குப் பதினான்கு வரிகள் ஆகின்றன. இடம் அதிகம் பிடிக்கும். ஆயின் எந்தக் கேள்விக்கும் விரைவில் விடை கிடைக்கும்.

முறைப்படி வரிசைப்படுத்துதல்

சேமித்து வைப்பது பாதி வேலைதான். அச்சில் வரும் வரிசையும் முறையாக இருக்க வேண்டுமன்றோ? அட்டவணையில் உள்ள வரிகளுக்கு இயல்பாக ஒரு வரிசை உண்டு என்று நம்புவது பிழை. இன்ன முறையில் அடுக்கு என்று நாம் சொல்லாவிட்டால் கணிப்பொறி எவ்வாறு வேண்டுமாயினும் தரும்.

அகர வரிசையில் அடுக்கினால் குடும்பங்கள் சிதறிவிடும். தலைமுறை வாரியாக அடுக்கினால் எல்லாத் தாத்தாக்களும் முதலில், எல்லாப் பேரர்களும் கடைசியில். நமக்கு வேண்டியது வேறு: தாத்தா, பின் மூத்தவர், அவருடைய குழந்தைகள், அதன் பின் இளையவர், அவருடைய குழந்தைகள். வலம் வரும் வழியில் நுழைவெண்ணைக் கொண்டு அடுக்கினால் இவ்வரிசை தானே கிடைக்கும். பாதை வழியிலும் கிடைக்கும். ஆனால் ஒரு கண்ணி உண்டு. பாதையைக் கணிப்பொறி எழுத்துக்களாக எண்ணி ஒப்பிடுமாயின், 1.10 என்பதை 1.2 க்கு முன்னே வைத்துவிடும். பத்தாவது பிள்ளை இரண்டாவது பிள்ளைக்கு அண்ணன் ஆகிவிடுவான்! நம் தாத்தாமார் காலத்தில் பத்தாவது பிள்ளை அபூர்வமன்று. ஆகவே 01.02, 01.10 என்று முன்னால் பூஜ்யம் சேர்த்து எழுத வேண்டும்.

உடன்பிறந்தோருக்குள் யார் முன் என்பதையும் நாமே சொல்ல வேண்டும். பெயர் கொண்டு அடுக்கினால் தம்பி அண்ணனுக்கு முன்னே வரக்கூடும். பிறந்த தேதி கொண்டு அடுக்குவதே நம் மரபுக்கு ஒத்தது.

பெயர் கொண்டு அடுக்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூனிகோடு என்னும் எழுத்தெண் முறையில் தமிழ் எழுத்துக்கள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் அமையவில்லை. அங்கே ன என்பது ந என்பதற்கு அடுத்து நிற்கிறது. ற என்பது ர என்பதற்கு அடுத்து நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி எழுத்துக்கள். ஆகவே வெறும் எழுத்தெண்ணைக் கொண்டு அடுக்கினால் மீனா முன்னும் மீரா பின்னும் வருவர்; தமிழ் முறைப்படி மீரா முன், மீனா பின். தமிழுக்குரிய ஒழுங்கு விதியைத் தேர்ந்தெடுத்தாலன்றி இது சீர்ப்படாது.

நம் வழக்கத்தால் வந்த சிக்கல்

மேலே சொன்ன வழிகளில் முதல் மூன்றும் ஒருவருக்கு ஒரே மேலவர் என்னும் எண்ணத்தில் அமைந்தவை. நானும் அவ்வாறே எண்ணித் தந்தையின் எண்ணை மட்டும் எழுதினேன். “அம்மாவை எங்கே எழுதினீங்க, மாமா?” என்று அந்தப் பெண் கேட்ட பின்னரே என் பதிவேட்டில் தாய்மார் யாருக்கும் தாயாராக இல்லை என்பது எனக்கு உறைத்தது. மணமாகிச் சென்ற நம் பெண்களின் குழந்தைகளுக்கும் நம் சங்கத்துக்கும் இருந்த தொடர்பு அந்த ஒரு கலத்தால் அறுந்திருந்தது.

இன்னும் ஒன்று. நம்மில் அத்தை மகன், மாமன் மகள் திருமணங்கள் உண்டு. அவ்வாறு மணந்தோரின் குழந்தைக்குக் கொள்ளுப்பாட்டி கொள்ளுத்தாத்தாமார் எண்மர் அல்லர், அறுவரே. தாய் வழியாக ஏறினாலும் தந்தை வழியாக ஏறினாலும் அதே இருவரை அடைகிறோம். தாய்மாமனே மணமகனாகும் குடும்பத்திலோ ஒரே மூதாட்டி குழந்தைக்குத் தந்தை வழியில் பாட்டியாகவும் தாய் வழியில் கொள்ளுப்பாட்டியாகவும் இருப்பார். மரத்தின் கிளைகள் பிரிந்தே செல்லும். நம் குடும்பங்களிலோ பிரிந்த கிளைகள் மீண்டும் கூடுகின்றன. மேலிருந்து இறங்கும் வினா அக்குழந்தையை இரு வழியாலும் கண்டு இரு முறை அச்சிடும். ஒரே குழந்தைக்கு இரண்டு நோட்டுப் புத்தகம் கிடைத்துவிடும்! ஒரு பிள்ளை ஒரே கிளைக்கு உரியது அன்று. ரங்கநாதனாரின் கருத்தை நான் நினைவு கூர்ந்தது இவ்விடத்தில்தான்.

ஆகவே, ஆட்களுக்கு ஓர் அட்டவணை, பெற்றோர்–பிள்ளை உறவுக்கு ஓர் அட்டவணை, திருமணத்துக்கு ஓர் அட்டவணை என மூன்றாகப் பிரித்தோம். ஒவ்வொரு குழந்தைக்கும் உறவு அட்டவணையில் இரண்டு வரிகள்: தந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. இரு வழியில் கண்டவரை ஒரு முறை மட்டும் எண்ணுமாறு வினாவில் சொல்லிவிட்டோம்.

காவல்

இனி, அழிந்த வரியைப் பற்றி. தரவுத்தளத்தில் இதற்கென ஒரு காவல் உண்டு. “மேலவர் எண் கலத்தில் எழுதப்படும் எண் அட்டவணையில் உள்ள ஒருவருடையதாகவே இருக்க வேண்டும்” என்று முன்கூட்டியே விதித்துவிடலாம். அவ்வாறு விதித்தால், ஒருவரைச் சார்ந்தோர் இருக்கும் வரை அவருடைய வரியை அழிக்க அது இடம் கொடாது. நான் இக்காவலை வைக்கத் தவறினேன். மேலவரை அழித்தால் சார்ந்தோரையும் சேர்த்து அழித்துவிடு என்று விதிக்கவும் இடமுண்டு. பொருள்களின் கணக்குக்கு அது உதவலாம். மனிதர்களின் பதிவேட்டில் அதனைக் கனவிலும் வைக்கலாகாது.

சரியான வழி வேறு. அதை நம் பெரியோர்கள் முன்னரே செய்து வைத்திருக்கிறார்கள். பழைய பதிவேட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதில் காலமான ஒருவர் பெயர் கூட அடிக்கப்படவில்லை. பெயருக்கு எதிரே சிவப்பு மையில் “காலமானார்” என்றும் தேதியும் மட்டும் எழுதப்பட்டுள்ளன. கணிப்பொறியிலும் இப்போது “மறைந்த தேதி” என்று ஒரு கலம் சேர்த்துள்ளோம். ஜாபிதாவில் அவர் பெயர் அச்சாவதில்லை. ஆனால் வினா அவர் வழியாகவே இறங்கிச் செல்கிறது. இங்கேயும் ஓர் எச்சரிக்கை: “உயிருடன் உள்ளோரை மட்டும் எடு” என்னும் நிபந்தனையை வினா முழுவதும் இறங்கி முடிந்த பின்னரே வைக்க வேண்டும். இறங்கும் போதே வைத்தால், மறைந்தவரிடம் வந்ததும் வினா நின்றுவிடும். பழைய பிழையே மீண்டும் வரும்.

கடைசியாக ஒரு சோதனை. ரயில்வேக் காரியாலயத்தில் நாள் முடிவில் விற்ற டிக்கெட்டையும் கையிலுள்ள பணத்தையும் ஒத்துப் பார்த்த பின்னரே வீடு செல்கிறோம். அட்டவணையில் உயிருடன் உள்ளோர் எத்தனை, ஜாபிதாவில் வந்தோர் எத்தனை என்று அன்று ஒரு முறை ஒத்துப் பார்த்திருந்தால் பெயர்கள் குறைவதைக் கண்டிருப்பேன். காரியாலயத்தில் ஒரு நாளும் விடாத பழக்கத்தைச் சங்க வேலையில் விட்டுவிட்டேன். “இல்லாத ஒருவரைத் தம் மேலவராகக் கொண்டோர் யாவர்?” என்னும் கேள்வியையும் இப்போது கேட்டுப் பார்த்தோம். அம்மையாரின் குடும்பத்தைத் தவிர இன்னும் இரண்டு குடும்பங்கள் அவ்வாறே மறைந்திருந்தன. அவ்வீடுகளிலிருந்து எவரும் வந்து கேட்கவில்லை. கேளாமல் இருந்துவிட்டார்களே என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். சங்கம் தங்களை மறந்துவிட்டது என்று எத்தனை மாதம் எண்ணியிருந்தார்களோ! மூன்று இல்லங்களுக்கும் காரியதரிசியும் நானும் நேரில் சென்று வந்தோம்.

அம்மையார் வீட்டுக்குத் திருத்திய ஜாபிதாவையும் சிறுவனுக்குரிய நோட்டுப் புத்தகங்களையும் எடுத்துச் சென்றேன். பதிவேட்டின் முழுப் பிரதியில் அவர்கள் குடும்பத்தின் தலைப்பில் பெரியவர் பெயரும், எதிரே மறைந்த தேதியும், கீழே ஒன்பது பெயர்களும் இருந்தன. சிறுவன் வாசித்துக் காட்டினான். அம்மையார் அத்தாளைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தார்.

“இப்படியே இருக்கட்டும் தம்பி. இனிமே எதையும் அழிக்காதே” என்றார்.

பிறந்த மண்ணை விட்டு வெகு தூரம் வந்து வாழ்கிறோம். ஊரிலிருந்தால் இன்னார் பேரன் என்று தெருவே சொல்லும். இங்கே அதைச் சொல்ல இந்தப் பதிவேடு ஒன்றுதான் உண்டு. ஆகவே அங்கத்தினர் யாவரும் அருள் கூர்ந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வருகை தந்து, தங்கள் குடும்ப விவரங்களை ஒரு முறை சரிபார்த்துத் தருமாறு வேண்டுகிறேன். தாயார் பெயர், மணமாகிச் சென்ற பெண்களின் பெயர், அவர்கள் குழந்தைகளின் பெயர், மறைந்த பெரியோர்களின் பெயரும் தேதியும் ஆகியவற்றைத் தவறாமல் எழுதிக் கொண்டு வரவும். எழுத இயலாத முதியவர்கள் வாயால் சொன்னால் போதும். எழுதிக்கொள்ள நான் இருப்பேன்.